ரசீதுப் புத்தகமும் ராமன் விளைவும்

அறிவியல் இயக்கத்தின் கிளை என்றதும் பலருக்குத் தொலைநோக்கியும் கண்ணாடிக் குடுவைகளும் நினைவுக்கு வரும். எங்கள் கிளையின் சொத்துப் பட்டியல் அத்தனை கவர்ச்சியானதல்ல. தகரப் பெட்டி நிறையப் பழைய ‘துளிர்’ இதழ்கள், ஓரம் கிழிந்த ஒரு பேனர், நடவடிக்கைக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம். தொலைநோக்கி வேண்டுமென்றால் மாவட்டக் குழுவிடம் கேட்டு வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். கரூருக்கும் திருச்சிக்கும் நடுவில், காவிரிக் கரையோரம் இருக்கும் எங்கள் ஊரின் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றுதான், மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு எங்களுக்கு அலுவலகம்.

கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அதனாலேயே பொருளாளர் பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது. அறிவியல் மனப்பான்மை பற்றிப் பெரியவர்கள் பேசிய எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு அதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாகச் சொல்கிறது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக வந்த கடமை அது. ஆனால் அந்தச் சொல்லின் பொருளை எனக்குப் பழக்கத்தில் கொண்டுவந்தது ரசீதுப் புத்தகம்தான். சொன்னதற்குச் சான்று வை, கேட்பவர் யாராக இருந்தாலும் காட்டு, தெரியாத கட்டத்தை வெறுமையாக விடு. இந்த மூன்றுக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன். வானத்திலும் ஊரிலும் ஏகப்பட்டது நடந்த ஆண்டு அது.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கியது. சிறுவர்களுக்கான ‘துளிர்’ 1987 முதல் வருகிறது. என் வயதுக்காரர்கள் பலர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாக உள்ளே வந்தோம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு சாலையில் இறங்கிய காலம் அது. அந்த வேகத்தில் வந்தவர்கள் எல்லோரும் நிலைத்துவிடவில்லை. வேகம் அடங்கிய பிறகும் மாதக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களால்தான் கிளை நின்றது.

ஆண்டின் முதல் வேலை உறுப்பினர் பதிவு. தொகை சிறியது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஆனாலும் கடைகடையாக ஏறி இறங்கி, பெயர் எழுதி, ரசீது கிழித்துக் கொடுப்போம். மளிகைக் கடைக்காரர் ஒருவர், “ரசீதெல்லாம் எதுக்கு சார்? நீங்க திங்கவா போறீங்க?” என்றார். “நான் திங்க மாட்டேன்னு நீங்க நம்புறது வேற, திங்கலைன்னு உங்களுக்குத் தெரியறது வேற. இந்தாங்க, வச்சுக்குங்க” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் கல்லாவில் போட்டார். மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவது நல்லதுதான். ஆனால் எல்லாச் சுமையையும் நம்பிக்கையின் தலையில் ஏற்றினால் ஒருநாள் அது ஒடிந்துவிடும். நண்பர்களுக்குள், உடன்பிறந்தவர்களுக்குள் கணக்கு எழுதி வைப்பதை அவமரியாதையாக நினைத்துப் பிரிந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. எழுதி வைத்தவர்கள் அநேகமாக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928இல் இதே நாளில் ராமன் விளைவு கண்டறியப்பட்டது என்பதால் 1987 முதல் நாடு முழுவதும் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் ராமனைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் நோபல் பரிசிலிருந்து தொடங்க மாட்டேன். திருவானைக்காவலில் பிறந்த அந்த இளைஞர் 1907இல் கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் போனார். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு. பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு ஒருநாள் கதவைத் தட்டினார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் தொடங்கிய அறிவியல் சங்கம் அது. ஆய்வு செய்ய ஆளில்லாமல் கருவிகள் கிடந்தன. கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற உதவியாளர். பிறகு பல ஆண்டுகள் ராமனின் ஆய்வுகளில் கூடவே நின்றவர் அவர். 1917இல் பேராசிரியராகும் வரை, கல்கத்தாவில் இருந்த நாட்களில் ராமனுக்குக் காலையும் மாலையும் ஆய்வுக்கூடம், நடுவில் அலுவலகம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்தக் கதவுதான். சர்க்கார் 1904இல் இறந்துவிட்டார். தன் சங்கத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. அப்படி ஒருவர் வந்து தட்டும் வரை அந்தச் சங்கத்தை மூடாமல் வைத்திருந்தார்களே, அதுவும் அறிவியல் பணிதான். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் ராமனோடு சேர்ந்து அந்த ஆய்வைச் செய்தவர். அந்த பிப்ரவரியில் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கண்டுபிடிப்பு எப்படிப் படிப்படியாக உருவானது என்று இன்றைக்கு நாம் பேச முடிவது அந்தக் குறிப்பேட்டின் புண்ணியத்தில்தான். எங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுதச் சுணங்கும் இளைஞர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. எங்கள் வகுப்பறை வாக்குச்சாவடியாகிவிட்டது. மறுநாள் புனித வெள்ளி விடுமுறை. எங்கள் ஊருக்கு நிழலில்லா நாளும் அதுவே. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், சென்னையில் 24 வாக்கில், நடுவிலிருக்கும் எங்களுக்கு 19 வாக்கில். மறுபடியும் ஆகஸ்ட் மாதத்தில் தெற்கே திரும்பும்போது ஒருமுறை.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் குச்சி நட்டார்கள். பகல் 12.15 மணியை ஒட்டி நிழல் மறைய வேண்டும். ஒரு பையனின் குச்சிக்கு மட்டும் நிழல் பிடிவாதமாக நின்றது. “எனக்கு மறையல சார், நீங்க சொன்னது தப்பு” என்றான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, குச்சிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். குச்சி சாய்ந்திருந்தது. நிமிர்த்தியதும் நிழல் காலடிக்குள் போய்விட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் பட்டம் பெற்றவர்கள் பலர் இருந்தோம். பிழையைப் பிடித்தவர் கொத்தனார். அந்தப் பையனையும் நான் பாராட்டினேன். மறையாத நிழலை மறைந்தது என்று ஒப்புக்குச் சொல்லாமல், கண்டதைச் சொன்னானே.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சென்னையில் நிழல் இல்லாத நாளில் கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் குச்சி நட்டால், நடுப்பகலில் தெற்கே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 5 பாகை விலகியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 555 கிலோமீட்டர். முழு வட்டம் 360 பாகை என்பதால் 72ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடும். பூமி எவ்வளவு பெரியது என்று யாரோ சொல்லக் கேட்பதற்கும், ஒரு குச்சியையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் வைத்துத் தானே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை, ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை வாழ்நாளெல்லாம் மறக்காது.

மே மாதத்தில் கிராமங்களில் ‘மந்திரமா? தந்திரமா?’ நிகழ்ச்சி. தட்டில் மஞ்சள் நீரை வைத்து, கண்ணுக்குத் தெரியாதபடி கையில் தடவிய சுண்ணாம்போடு தொட்டால் சிவந்துவிடும். கூட்டம் வாயைப் பிளக்கும். “நம்ம வீட்டு ஆரத்தி இதுதானே தாயி!” என்றதும் சிரிப்பலை எழும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகும். சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கிறது, புளிப்பு அந்தக் காரத்தை முறிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் வந்து, “அப்ப சாமி கும்புடக் கூடாதுங்கிறீங்களா?” என்று கேட்டார். கிளைச் செயலாளர் இளைஞர்; ஆனால் பக்குவமானவர். “கும்புடுங்கம்மா. உங்க மடியில இருக்கிற காசை எவனாச்சும் தந்திரம் பண்ணி வாங்கக் கூடாதுன்னுதான் சொல்றோம்” என்றார். அந்த அம்மா யோசித்துவிட்டு, தன் மருமகளுக்குத் தகடு மந்திரித்துக் கொடுத்தவன் எத்தனை ரூபாய் வாங்கினான் என்று சொல்லத் தொடங்கினார். ஏளனம் செய்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். அடுத்தவரின் நம்பிக்கையை அசைக்க வேண்டுமென்றால் முதலில் அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்க வேண்டும். மேடையில் நின்று கேலி செய்கிறவருக்கு அந்த இடம் கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள். அறிவியலின் பெருமையைப் பேசும் நாங்கள் ஆண்டில் ஒருநாள் அதன் பெயரால் நடந்த கொடுமையையும் பேசியாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். 1945இல் ஒரே ஒரு அணுகுண்டால், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். அப்போது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சடாகோ சசாகி, ரத்தப் புற்றுநோயால் 1955இல் பன்னிரண்டு வயதில் இறந்தாள். அவள் மடித்தது போன்ற காகிதக் கொக்குகளை எங்கள் பிள்ளைகளும் மடித்துப் பள்ளி வாசலில் தொங்கவிட்டார்கள். வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை மறைக்கிற பொருளாளரை யாரும் நம்ப மாட்டார்கள். அறிவியலின் கதையும் அப்படித்தான்.

செப்டம்பரில் சந்திரயான்–2. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையைப் பொடித்துத்தான் நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ உருவாக்கிச் சோதனை செய்தது. ஆற்றுக்கு அக்கரை மண் என்பதால் எங்கள் ஊருக்கு அதில் தனி உரிமை! 6ஆம் தேதி இரவு பிள்ளைகளும் பெற்றோரும் பள்ளியில் கூடிவிட்டோம். பின்னிரவு 2 மணியை ஒட்டி, நிலவின் தரையிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாக இறங்கிய விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தது. இஸ்ரோ தலைவர் அதை அப்படியே உலகத்துக்குச் சொன்னார். சில பிள்ளைகள் அழுதார்கள். “எல்லாம் போச்சா?” என்றாள் ஒரு சிறுமி. “எங்கே விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிருக்கு இல்ல? அங்கேருந்து பார்ப்பாங்க” என்றார் அறிவியல் ஆசிரியர். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்–3 இறங்கியபோது அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். நாலு ஆண்டு இடைவெளியில் நடந்தது என்ன? தோற்ற இடத்தை மூடி மறைக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டிலும் தொழிலிலும் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே தோற்றோம் என்பதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எழுந்துவிட்டார்கள்.

அக்டோபரில் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான வேலை மும்முரமாகும். 1993 முதல் நடந்துவரும் தேசிய மாநாடு இது. 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியில் அறிக்கை எழுதலாம். எங்கள் பிள்ளைகள் தெருக் குழாய்க் கசிவை எடுத்துக்கொண்டார்கள். சொட்டும் குழாயின் கீழே அளவுப் பாத்திரம் வைத்து, நேரம் குறித்து, நோட்டில் எழுதினார்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 72 லிட்டர். சென்னை தண்ணீருக்குத் தவித்த கோடை அப்போதுதான் முடிந்திருந்தது.

அவர்கள் நோட்டில் ஒருநாள் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எதிரே, “பாட்டி வீட்டுக்குப் போய்விட்டேன். அளக்கவில்லை” என்று பென்சிலில் எழுதியிருந்தது. முந்தின நாளின் எண்ணையே எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து எல்லோருக்கும் காட்டி, மெண்டலீவின் கதையைச் சொன்னார். தனிம வரிசை அட்டவணைக்கு அது 150ஆவது ஆண்டு. ஐக்கிய நாடுகள் அவை அதற்கான பன்னாட்டு ஆண்டாக 2019ஐ அறிவித்திருந்தது. 1869இல் மெண்டலீவ் தன் அட்டவணையில் சில இடங்களைக் காலியாக விட்டார். அவற்றுக்கு உரிய காலியம் 1875இலும், ஸ்கேண்டியம் 1879இலும், ஜெர்மானியம் 1886இலும் கிடைத்தன. எதையாவது போட்டு நிரப்பியிருந்தால் அட்டவணை முழுமையாகத் தெரிந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். பேராசிரியர் இதைச் சொன்னபோது, நோட்டில் காலிக் கட்டம் விட்ட சிறுமி முகத்தில் எந்தப் பெருமையும் இல்லை. அளக்கவில்லை, எழுதவில்லை, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் நின்றாள். அந்த வயதில் இயல்பாக இருக்கும் இந்த நேர்மையை வளர்ந்தபின் நாம்தான் தொலைத்துவிடுகிறோம். தெரியாத கேள்விக்குக் கௌரவத்துக்காக ஒரு பதில் சொல்கிறோம். பிறகு அந்தப் பதிலைக் காப்பாற்றவே காலத்தைச் செலவழிக்கிறோம்.

டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம். நிலா பூமியிலிருந்து தள்ளி இருக்கும் நேரத்தில் மறைப்பதால் சூரியனை முழுதாக மூட முடியாமல், ஓரம் மட்டும் வளையமாக மிஞ்சும். அந்த வளையம் தெரியும் பாதை கோவை, கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனது. அப்படி ஒன்று வீட்டு வாசலுக்கே வருவது ஒரு தலைமுறைக்குக் கிடைக்கும் பேறு. சூரியக் கண்ணாடிகளை வாங்கி வைத்திருந்தோம். உள்ளாட்சித் தேர்தல் நேரம் என்பதால் வாக்குக் கேட்டு வந்த வேட்பாளர்களும் வரிசையில் நின்றார்கள். காலை 8 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, 9.30 தாண்டியதும் மேகத்தின் இடுக்கில் வளையம் தெரிந்தது. மைதானத்தில் எழுந்த கூச்சல் ஊர்க்கோடி வரை கேட்டிருக்கும்.

கிரகண நேரத்தில் சாப்பிடக் கூடாது என்ற பயத்தைப் போக்க, அங்கேயே பொங்கலும் சட்னியும் பரிமாறினோம். சாப்பிட்டவர்கள் பாதி, வேண்டாம் என்றவர்கள் பாதி. யாரையும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டவர்களை மறுநாளும் சாப்பிடாதவர்கள் பார்க்கப் போகிறார்கள். அதைவிட நல்ல வாதம் எங்களிடம் இல்லை.

ஜனவரியில் கிளை மாநாடு. செயலாளர் வேலை அறிக்கை வாசித்தார். நான் வரவு செலவு வாசித்தேன். கண்ணாடிகள் விற்றது போக மீந்ததில் கொஞ்சம் இழப்பு. பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, “தேவைக்கு மேல வாங்கினது யார் முடிவு? குறிப்பேட்டில் இருக்கா?” என்று கேட்டாள். பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. செயலாளர் குறிப்பேட்டைப் புரட்டி, எந்தத் தேதிக் கூட்டத்தில், யார் முன்மொழிந்து முடிவானது என்று படித்துக் காட்டினார். மீந்த கண்ணாடிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானமானது. கேள்வி கேட்ட பெண்ணையே அடுத்த ஆண்டுக்குத் தணிக்கையாளராகப் போட்டோம்.

அன்றைக்கு எனக்கு உண்டான நிறைவு கிரகணத்தன்றுகூட உண்டாகவில்லை. அந்தப் பெண் சொல்கிறவரின் வயதைப் பார்க்காமல் சான்றைக் கேட்டாள். கேட்கவும், கேட்டால் கோபப்படாமல் காட்டவும் ஒரு வகுப்பறை நிறைய மனிதர்கள் பழகியிருக்கிறார்கள் என்றால் அந்த ஆண்டு வீண்போகவில்லை. இரண்டே மாதத்தில் கொரோனா வந்தது. இன்னதைத் தின்றால் நோய் அண்டாது, கைதட்டும் ஒலியில் கிருமி சாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. எங்கள் பிள்ளைகள் தங்கள் வீடுகளில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்?”

கிளையின் ஓர் ஆண்டில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நடந்துவிடாது. கூட்டத்துக்கு ஆள் குறைவாக வரும் மாதங்கள் உண்டு. மழைக்காலத்தில் பூட்டைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். வந்த நாலு பேரோடு கூட்டத்தை நடத்தி, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. குடும்பமும் நட்பும் தொழிலும்கூட இப்படித்தான் நிற்கின்றன என்பது என் அனுபவம்.

இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் ஊரில் அறிவியல் இயக்கமோ வாசகர் வட்டமோ நூலக நண்பர்களோ எதுவாக இருந்தாலும் ஓர் ஆண்டு போய்ப் பாருங்கள். பேச்சாளராகப் போகாதீர்கள், நாற்காலி போடவும் குறிப்பேடு எழுதவும் போங்கள். யாராவது உங்களிடம் கணக்குக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். நீங்களும் கேளுங்கள். அப்படி ஒன்றும் இல்லாத ஊர் என்றால், நாலு பேரைச் சேர்த்து ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள். மற்றவை தானாக வரும்.